பழைய விட்டாராவை இரண்டு அங்குலம் உயர்த்துதல்: கொழும்பில் ஒரு பாடி லிஃப்ட் நிகழ்வு ஆய்வு

பழைய ஜீப்பை உயர்த்த ஆசைப்படும் எவரும் முதலில் கேட்பது, கிட் எங்கே கிடைக்கும் என்றுதான். இந்த வேலையில் ஆகச் சுலபமான பகுதி அது. பாடிக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸுக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் என்பது நடுவில் துளை போட்ட ஓர் உருளை, அவ்வளவுதான். முப்பது வருடமாக அந்த இடத்தில் நசுங்கிக் கிடந்த ரப்பரும் போல்ட்டும் தகடும் எந்த நிலையில் இருக்கின்றன? பாடியிலிருந்து எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இறங்கும் குழாய்களும் கேபிள்களும் இன்னும் இரண்டு அங்குலம் எட்டுமா? காலமும் காசும் போவது இந்த இரண்டு கேள்விக்குத்தான். வெள்ளவத்தையில் இருக்கும் என் நண்பரின் சுசுகி விட்டாராவை உயர்த்தியபோது, கிட் தேடிய நாளிலிருந்து கடைசி போல்ட் இறுக்கியது வரை நான் கூட இருந்தேன். அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று முழுவதையும் எழுதுகிறேன்.

வண்டியும் ஆசையும்

1990களின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஐந்து கதவு விட்டாரா. 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின், மனுவல் கியர், தேவைப்படும்போது மட்டும் போடும் நான்கு சில்லு இழுவை, அதற்கு லோ கியரும் உண்டு. சுசுகி இதை 1988 இல் ஜப்பானில் எஸ்குடோ என்ற பெயரில் இறக்கியது. வெளிநாட்டுச் சந்தைகளில் அதுவே விட்டாரா ஆனது. நம் நாட்டில் இந்த வண்டிகளை இன்னும் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் கையில் இருந்த வண்டியை விற்றவர்களுக்கு அதே விலைக்கு அதே தரத்தில் இன்னொன்று கிடைக்கவில்லை. நண்பர் விற்கவில்லை, பராமரித்தார்.

உயர்த்த வேண்டும் என்பதற்கு அவர் மூன்று காரணம் சொன்னார். மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் உறவினர் வீடு இருக்கிறது. பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் கல் பாதையில் வண்டியின் அடி அடிக்கடி உரசுகிறது. இரண்டாவது, மழைக்கு கொழும்பு வீதிகளில் நிற்கும் தண்ணீர். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதை அவர் மறக்கவில்லை. மூன்றாவது, பெரிய டயர் போட்ட விட்டாரா பார்க்க அழகாக இருக்கும்.

மூன்றாவது காரணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தன் வண்டி தன் கண்ணுக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்தான் அதை ஒழுங்காகவும் பார்த்துக்கொள்வார். ஆனால் முதல் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அவருடைய வண்டியில் இருந்தது 205/75 ஆர்15 டயர். அதன் விட்டம் ஏறத்தாழ 689 மில்லிமீற்றர். போட நினைத்தது 235/75 ஆர்15. விட்டம் 733 அல்லது 734. வித்தியாசம் 45 மில்லிமீற்றர், அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே சேரும். ஆகவே இரு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரென்ஷலின் அடிக்கும் தரைக்கும் இடையே கூடுவது 22 மில்லிமீற்றர் சொச்சம். பாடியை 50 மில்லிமீற்றர் உயர்த்துவதால் டிஃபரென்ஷல் ஒரு மில்லிமீற்றர்கூட மேலே போகாது. சேசிஸும் கியர் பெட்டியும் அப்படியே. உயர்வது கதவின் அடிப்பகுதி, தரைத் தகடு, சில்லு வளைவு மட்டும்தான். அங்கே மொத்தம் 72 மில்லிமீற்றர் கிடைக்கும்.

கல் பாதைக்கு இது பயனா என்றால், பயன்தான். நண்பரின் வண்டியில் உரசல் அடையாளம் இருந்தது கதவுக்குக் கீழ் விளிம்பிலும் பின் மூலையிலும். அந்த இடம் உயரும். பாதையின் நடுவில் துருத்தும் கல்லுக்கு, டயர் தரும் அந்த 22 மில்லிமீற்றர்தான் துணை. வெள்ளத்துக்கு ஏறக்குறையப் பயனே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினோடு இருக்கிறது, எஞ்சின் சேசிஸோடு இருக்கிறது. டிஃபரென்ஷலும் கியர் பெட்டியும் மூச்சு விடும் துவாரங்கள் பழைய இடத்திலேயே. உயர்த்திய வண்டி என்ற நம்பிக்கையில் முன்பைவிட ஆழமான தண்ணீருக்குள் இறக்கினால் எஞ்சினுக்குத்தான் கேடு. இதைக் கேட்டதும் நண்பர் வெள்ளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

ஏன் ஸ்பிரிங்கை விட்டு பாடியை?

உயர்த்த இரண்டு வழி உண்டு. ஸ்பிரிங்கை மாற்றி சேசிஸோடு சேர்த்து முழு வண்டியையும் மேலே கொண்டுபோவது ஒன்று. சேசிஸை அப்படியே விட்டு பாடியை மட்டும் தூக்குவது மற்றது. முதல் தலைமுறை விட்டாராவில் முன் டிஃபரென்ஷல் சேசிஸில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து இரு சில்லுக்கும் அவற்றைச் சுழற்றும் சிவி ஷாஃப்ட் போகிறது. ஸ்பிரிங்கை உயர்த்த உயர்த்த அந்த ஷாஃப்ட்டின் சாய்வு கூடும், அதன் ஜொயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழியும், ஜொயின்ட் தேயும். சில்லின் நிற்கும் கோணமும் மாறும். கூடுதலாக உயர்த்தினால் டிஃபரென்ஷலையும் கீழே இறக்கப் பட்டை செய்ய வேண்டும். இந்த வண்டிக்கு நல்ல சிவி ஷாஃப்ட் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாடி லிஃப்டில் அந்தக் கோணம் எதுவும் மாறாது. ஓட்டும்போது வண்டி பழையபடியே இருக்கும். பாரமான எஞ்சினும் கியர் பெட்டியும் கீழேயே இருப்பதால், அதே அளவு ஸ்பிரிங் லிஃப்டைவிட வண்டியின் பார மையமும் குறைவாகவே உயரும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதில் நான் கறாராக இருந்தேன்: இரண்டு அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று அங்குல கிட் வெளிநாட்டில் கிடைக்கிறது. ஸ்பேசரின் உயரம் கூடக் கூட, பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பாடி தள்ளும் விசை போல்ட்டை வளைக்கும் நெம்பாகிறது. குடும்பத்தோடு ஹட்டன் ஏறும் வண்டியில் அந்த விளையாட்டு வேண்டியதில்லை.

கிட் தேடிய இடம்

வாகனச் சாமான் என்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை. அங்கே விட்டாராவுக்குக் கதவுக் கைப்பிடியிலிருந்து முழு கியர் பெட்டி வரை கழற்றிய சாமான் கிடைக்கும். பாடி லிஃப்ட் கிட் என்று பெட்டியில் போட்டு யாரிடமும் இல்லை. ஓரிரு கடையில் காட்டியது பிக்கப்புக்கான ஸ்பிரிங் ஷக்கிள். இன்னொருவர் காட்டியது ரப்பர் கட்டை. எந்த வண்டியிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இந்த வண்டியை வைத்துக் காட்டுக்குள் போகிறவர்கள் நிறைய இருப்பதால், கிட் செய்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். விலையைவிட அனுப்பும் கூலியும் சுங்கமும்தான் கை கடித்தது.

அதனால் கிட்டை இரண்டாகப் பிரித்தோம். ஸ்பேசரை இங்கே கடைசல் போட்டுக்கொள்வது. ஸ்டியரிங் ஷாஃப்ட்டை நீட்டும் துண்டை மட்டும் மெல்பேர்னில் இருக்கும் நண்பரின் மைத்துனர் வரும்போது கொண்டுவருவது. இந்தப் பிரிவினைக்குக் காரணம் பணம் மட்டுமல்ல. ஸ்பேசர் அமுக்கத்தை மட்டும் தாங்கும் சாமான். நல்ல லேத் வேலைக்காரர் யாரும் சரியாகச் செய்வார். ஸ்டியரிங் ஷாஃப்ட்டை வெட்டி நடுவில் குழாய் வைத்து வெல்டிங்கில் ஒட்டித் தருகிறோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதை ஏற்றுக்கொள்ளவே கூடாது. அந்த ஒட்டு விட்டால் சில்லு ஒரு பக்கம், கையில் இருக்கும் வளையம் ஒரு பக்கம். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

பஞ்சிகாவத்தைக்குப் பின் சந்தில் இருந்த லேத் கடை நானாவிடம் நண்பர் பழைய ரப்பர் மவுண்ட் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார். நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத எவ்வளவு காலத்துக்குப் போடப் போறீங்க தம்பி?"

"வண்டி இருக்கிற வரைக்கும் நானா."

"அப்ப இந்தக் கறுப்புச் சாமான் வேணாம்."

மூலையில் இருந்த மலிவான கறுப்பு நைலோன் தண்டிலிருந்து ஒரு வில்லை வெட்டி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் ஊசி குத்தியது போல நுண் துளைகள். வார்த்த நைலோன் என்று அவர் எடுத்த தந்த நிறத் தண்டை வெட்டினால் முகம் முழுக்க ஒரே சீராக, சீவல் அறுபடாமல் நாடா போலச் சுருண்டு வந்தது. அதைத்தான் எடுத்தோம். 75 மில்லிமீற்றர் விட்டம், 50 உயரம், நடுவில் போல்ட்டுக்கு இறுக்கமான துளை. அகலம் முக்கியம்: ஒடுங்கிய ஸ்பேசர் பக்கவாட்டு விசைக்கு ஆடும்.

அலுமினியம் நல்லதில்லையா என்று பலர் கேட்கிறார்கள். அமுக்கத்தில் அது தளராது, உண்மை. ஆனால் இந்த வண்டி நிற்பது மரீன் டிரைவுக்கு ஒரு தெரு உள்ளே. ரயில் பாதையைத் தாண்டி வரும் உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர் என்றால் நானும் அலுமினியமே சொல்லியிருப்பேன். நைலோன் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதும். அதற்குத் துளையில் மயிரிழை இடம் விட்டால் போதும்.

போல்ட்டுக்குப் பழைய சோனகத் தெரு. இங்கே கவனமாக இருக்க வேண்டும். பழைய போல்ட்டைக் கொண்டுபோய் அதே தடிப்பு, அதே மரை, 50 மில்லிமீற்றர் கூடிய நீளம் என்று கேட்டால் பல கடையில் உடனே எடுத்துத் தருவார்கள். தலையைப் பாருங்கள். 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். 10.9 என்றால் அறுவதற்கு முன் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 1,000 நியூட்டன் தாங்கும் உருக்கு. அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீண்டு கெடாது. தலையில் ஒன்றும் இல்லாத போல்ட் கதவு கேற்றுக்குச் சரி. மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் முழு மரைக் கம்பியை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. நீளம் சரியாக வரும், விலையும் குறைவு, அதனால்தான் பலர் அதில் விழுகிறார்கள். அது பெரும்பாலும் மென்மையான இரும்பு, போதாததற்கு மரையின் ஒவ்வொரு பள்ளமும் வெடிப்புக்குத் தொடக்கம். நாங்கள் 10.9 எடுத்தோம். கூடவே அகலமான தடித்த வாஷரும்.

துரு

வேலை நடந்தது தெமட்டகொடையில் ஒரு சின்ன கராஜில். அங்கே இருந்த பாஸ் ஹட்டன் பக்கத்தவர், சேசிஸ் வைத்த பழைய ஜப்பான் வண்டிகளில் கை பழகியவர். ஸ்பேசரைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல பழைய போல்ட் கழருதான்னு பாப்போம் சேர்" என்றார்.

பல நாளாக மாலையில் வந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தோம். பெரும்பாலானவை மனமில்லாமல் கழன்றன. பின்பக்கம் இடது மூலையில் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, கீழே இறங்கவில்லை. பாடித் தகட்டுக்குள் ஒட்டி வைத்த நட், துருவில் தகட்டை விட்டுவிட்டு போல்ட்டோடு சேர்ந்து சுழன்றது. இந்த வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். மேலே கம்பளத்தை எடுத்து, தரைத் தகட்டில் சின்னச் சதுரம் வெட்டி, நட்டை மேலிருந்து பிடித்துத்தான் கழற்ற முடிந்தது. காய்ச்சிக் கழற்றலாம் என்று கராஜில் ஒருவர் வாயு விளக்கைக் கொண்டுவந்தார். பாஸ் அவரைத் திருப்பி அனுப்பினார். பெற்றோல் தாங்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அந்த மூலையில் ஸ்குரூ டிரைவர் நுனியால் தட்டிப் பார்த்தார் பாஸ். மற்ற இடத்தில் டிங் என்று ஒலித்த தகடு அங்கே மந்தமாக ஒலித்தது. கொஞ்சம் அழுத்தினார், நுனி உள்ளே போய்விட்டது. மேலே பூசிய அடிப்பூச்சு மட்டும் உருவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடற்கரைக் காற்றும், சில்லு அடித்த சேறும், அந்த மடிப்பில் பல வருடம் காயாமல் கிடந்த ஈரமும் சேர்ந்து செய்த வேலை.

இந்த நிலையில் ஸ்பேசரை வைத்து இறுக்கியிருந்தால் என்ன ஆகும்? போல்ட் 10.9 ஆக இருந்து என்ன பயன், அது பிடிப்பது அப்பளத்தை. திடீர் பிரேக்கில் அந்த மூலை கிழிந்து பாடி சேசிஸை விட்டு எழும்பும். அதனால் வேலையை நிறுத்தி, அழுகிய பகுதியை நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்து, 2 மில்லிமீற்றர் தகட்டில் புதுத் துண்டு செய்து ஒட்டி, புது நட்டை அகலமான தகட்டோடு சேர்த்து உள்ளே பதித்தோம். எல்லா மவுண்ட் இடத்தையும் அதே ஸ்குரூ டிரைவர் சோதனைக்கு உட்படுத்தினோம். இன்னும் ஓர் இடம் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. பழைய ரப்பர்கள் கல்லாக இறுகி ஓரம் வெடித்திருந்ததால் அவையும் புதிது. மொத்தச் செலவில் ஸ்பேசரின் பங்கு ஆகச் சிறியது. துருவும் ரப்பரும்தான் பெரும்பகுதியைச் சாப்பிட்டன. பாடியை உயர்த்தாமல் விட்டிருந்தாலும் இந்த வண்டிக்கு இந்த வேலை தேவைப்பட்டது என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

தூக்கிய நாள்

தூக்குவதற்கு முன்னால் கழற்ற வேண்டியதைக் கழற்றுவதில்தான் பாஸின் அனுபவம் தெரிந்தது. பற்றறி இணைப்பு, ஸ்டியரிங் ஷாஃப்ட், பெற்றோல் ஊற்றும் வாயிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாய், கியர் கம்பிகளைச் சுற்றிய ரப்பர், ரேடியேற்றர் குழாய்கள், கிளட்ச் கேபிள், அக்ஸிலரேற்றர் கேபிள், ஹான்ட் பிரேக், வேகமானிக் கேபிள், பாடியையும் எஞ்சினையும் இணைக்கும் ஏர்த் பட்டை. ஏர்த் பட்டையைப் பலர் மறப்பார்கள். அது இழுபட்டு அறுந்தால் ஸ்டாற்றரின் மின்சாரம் வேறு வழி தேடி, அக்ஸிலரேற்றர் கேபிள் அல்லது கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். கேபிள் உள்ளே சூடாகி உறை உருகி இறுகிவிடும். ஏன் கேபிள் இறுகியது என்று யாருக்கும் புரியாது. இங்கே பழைய பட்டைக்குப் பதில் நீளமான புதியது போட்டோம்.

பிறகு தூக்குவது எளிது. ஒரு பக்க போல்ட்டுகளை முழுதாக எடுத்து, மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் விட்டு, ஜக்குக்கும் பாடிக்கும் நடுவில் நீளமான பலகை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பலகை இல்லாமல் ஜக்கின் தலை நேரே தகட்டில் பட்டால் தகடு குழியும். ஸ்பேசர் உள்ளே போனது, போல்ட் தளர்வாக ஏறியது, மறுபக்கம் அதே முறை. எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் முழு இறுக்கம். ஏற்றும்போது ஒருவர் ஜக்கையும் இன்னொருவர் பிரேக் குழாயையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பாடியில், குழாய் இறங்குவது சேசிஸுக்கு. இந்த வண்டியில் குழாயின் வளைவை மெதுவாக நிமிர்த்தியதில் நீளம் கிடைத்தது. இருந்தாலும் ஒரு குழாயின் கிளிப் அடியில் துருக் குழி தெரிந்ததால் அதைப் புதிதாகப் போட்டு, பிரேக் எண்ணெய் முழுவதையும் மாற்றினோம்.

பெற்றோல் ஊற்றும் குழாய் ஒரு பக்கம் மடியத் தொடங்கியது. மடிந்தால் ஷெட்டில் ஊற்றும்போது பெற்றோல் திருப்பி அடிக்கும். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுவார்கள் சிலர். பெற்றோல் பட்டு அது சில மாதத்தில் ஊதிப் பிளக்கும். பெற்றோலுக்கென்றே செய்த குழாய்தான் போட வேண்டும்.

மெல்பேர்ன் துண்டு ஸ்டியரிங் ஷாஃப்ட்டில் அழகாகப் பொருந்தியது. ஷாஃப்ட்டின் பல் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று கோடு போட்டு அளந்து, கவ்வும் போல்ட்டுக்குப் புது லொக் நட் போட்டோம்.

ரேடியேற்றர்

இந்த வேலையில் கொழும்புக்கென்றே தனிக் கவனம் வேண்டிய இடம் இது. ரேடியேற்றரும் அதன் பின்னால் விசிறியைச் சுற்றி இருக்கும் காற்றுக் கூடும் பாடியில். விசிறி எஞ்சினில். பாடி 50 மில்லிமீற்றர் மேலே போனால் அந்தக் கூடும் மேலே போகும். விசிறி பழைய இடத்தில் சுற்றும். கூட்டின் கீழ் விளிம்பு விசிறி இலையில் இடிக்கும். உலகம் முழுக்கச் செய்யும் சுருக்கு வழி, கூட்டின் கீழ்ப்பகுதியை வெட்டி எறிவது. குளிர் நாட்டில், திறந்த வீதியில் அது தாங்கும். ஏசி போட்டுக்கொண்டு பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும் வண்டிக்கு ஓட்டக் காற்றே கிடையாது. ரேடியேற்றர் வழியாக வரும் அத்தனை காற்றையும் விசிறிதான் இழுக்க வேண்டும். கூடு அரைகுறையாக இருந்தால் விசிறி பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் எஞ்சினின் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

அதனால் கூட்டை வெட்டாமல் ரேடியேற்றரையே கீழே இறக்கினோம். 3 மில்லிமீற்றர் பட்டையில் சின்னக் கால்கள் செய்து, பாடி ஏறிய அதே 50 மில்லிமீற்றருக்கு ரேடியேற்றரைக் கூட்டோடு சேர்த்து இறக்கிப் பொருத்தினால், விசிறியைப் பொறுத்தவரை அது பழைய இடத்துக்கே வந்துவிடும். மேல் கீழ் நீர்க் குழாய்களும் பழைய நீளத்தில் பொருந்தும். கையால் விசிறியைச் சுற்றி நான்கு பக்கமும் இடைவெளி பார்த்தோம். இப்போது ரேடியேற்றரின் தலைக்கு மேல் இரண்டு அங்குல வெளி இருக்கும். முன்னாலிருந்து வரும் காற்று ரேடியேற்றருக்குள் போகாமல் அந்த வெளி வழியாகத் தப்பிவிடும். அங்கே ரப்பர் தகடு ஒன்றை வெட்டி மூடினோம். சின்ன வேலைதான், ஆனால் ஏசி போட்டு நிற்கும்போது ஊசி எங்கே நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கும்.

வேலை முடிந்ததும் அலுவலக நேரத்தில் காலி வீதியில் ஏசியோடு நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். சூட்டு ஊசி முன்பு நின்ற இடத்துக்கு மேல் போகவில்லை.

ஓட்டிப் பார்த்தபோது

புது டயருக்குப் பழைய ரிம் உதவவில்லை. 235 அகல டயருக்கு 6 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். இதில் இருந்தது ஐந்தரை. ரிம் வாங்கும்போது, சில்லு உள்ளே அதைத் தாங்கும் ஸ்ட்ரட் பக்கம் உரசாதபடி நண்பர் கொஞ்சம் வெளியே நிற்கும் அளவு பார்த்து எடுத்தார். பாடி லிஃப்ட் வளைவுத் தகட்டில் மட்டும்தான் இடம் தரும். ஸ்ட்ரட்டும் சேசிஸும் நகர்வதில்லை. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு பக்கச் சில்லைக் கல்லில் ஏற்றி வைத்து எல்லா மூலையும் பார்த்தோம். முன் வளைவுக்குள் பிளாஸ்டிக் ஓரம் கொஞ்சம் வெட்ட வேண்டி வந்தது.

அவிசாவளை, கித்துல்கல வழியாக ஹட்டன் போனதுதான் உண்மையான சோதனை. கினிகத்தேனை ஏற்றத்தில் முன்பு மூன்றாம் கியரில் இழுத்த இடங்களில் இரண்டாம் கியர் போட வேண்டியிருந்தது. டயர் பெரிதானால் கியர் முழுவதும் நீண்டது போலத்தான். இங்கே ஆறரை வீதம். 1.6 எஞ்சினுக்கு அது தெரியும். வேகமானியும் அதே அளவு குறைத்துக் காட்டும்: ஊசி 60 என்றால் வண்டி 64 இல் போகிறது. நெடுஞ்சாலையில் 100 என்று நினைப்பவர் 106 இல் இருப்பார். இதை மனதில் வைத்து ஓட்ட வேண்டும்.

தோட்டத்துப் பாதையில் லோ கியர் போட்டபோது கம்பி முழுதாக உள்ளே விழவில்லை, பள்ளத்தில் இறங்கும்போது வெளியே தள்ளியது. கியர் பெட்டி கீழே இருக்க, தரை மேலே போனதால், கம்பியின் கழுத்து துளையின் பின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஓட்டியபோது லோ கியர் தேவைப்படாததால் இது தெரியவில்லை. திரும்பி வந்து துளையை ஒரு விரல் அகலம் வெட்டி, உயரமான ரப்பர் போட்டதும் சரியானது. ஏற்றத்தில் லோ கியர் கழன்றால் என்ன ஆகும் என்பதை யோசித்தால், கராஜை விட்டு வெளியேறும் முன்பே எல்லாக் கியரையும் சுமையோடு போட்டுப் பார்ப்பது கட்டாயம். லயத்து ஏற்றத்தில், முன்பு உரசிய இரண்டு இடத்திலும் வண்டி உரசாமல் ஏறியது.

பம்பர் சேசிஸில் இருப்பதால் கிரில்லுக்கும் பம்பருக்கும் நடுவில் வெளி தெரிந்தது. பட்டை ஒட்டி பம்பரையும் உயர்த்தச் சொன்னார்கள் சிலர். நான் வேண்டாம் என்றேன். முன்னால் போகும் முச்சக்கர வண்டியிலோ சின்னக் காரிலோ மோத நேர்ந்தால், பம்பர் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இடைவெளியை நண்பர் கறுப்புத் தகட்டால் மறைத்தார். முன் விளக்கு 72 மில்லிமீற்றர் உயர்ந்துவிட்டதால் அதைக் கீழே சாய்த்துச் சரிசெய்தோம். இல்லாவிட்டால் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்குக் கண் கூசும்.

வீட்டில் மாற்றத்தை முதலில் உணர்ந்தவர் நண்பரின் அம்மா. கோயிலுக்குப் போக ஏறும்போது, "ஐயோ தம்பி, இது லொறி மாதிரி எல்லோ போட்டுது" என்றார். அடுத்த வேலை பக்கப் படி. அது சேசிஸில் நன்றாகப் பிடித்த குழாய்ப் படி. அவர் கால் வைத்துப் பார்த்துச் சொன்ன உயரத்தில்தான் ஒட்டினார்கள். முதியவர்கள் ஏறும் வண்டி என்றால் இதைக் கடைசிக்கு விடாமல் தொடக்கத்திலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கடதாசி வேலையும் உண்டு. தொடங்கும் முன்பே நண்பர் தன் காப்புறுதி நிறுவனத்துக்கு என்ன செய்யப் போகிறார் என்பதை எழுத்தில் அறிவித்துப் பதிலை வாங்கி வைத்தார். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகுதான் பிரச்சினையாக எழும். பதிவு, தகுதி சம்பந்தமான கேள்விகளை நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமே வேலைக்கு முன் கேட்டுவிடுவது என் ஆலோசனை. கராஜில் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதல் ஐந்நூறு கிலோமீற்றரில் எல்லா மவுண்ட் போல்ட்டும் மறுபடி இறுக்கப்பட்டன. புது ரப்பர் உட்கார்ந்ததால் பல போல்ட்டுகள் கொஞ்சம் இடம் கொடுத்தன. இப்போது ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் பாஸ் அவற்றைத் தொட்டுப் பார்க்கிறார். ஒட்டிய மூலைகளில் உள்பக்கம் மெழுகுப் பூச்சும் அடிக்கிறார்.

வண்டியைப் பார்த்த சிலர் தங்கள் கிராண்ட் விட்டாராவுக்கும் இதே ஸ்பேசர் கடைந்து தரச் சொல்லிக் கேட்டார்கள். 2005 இல் வந்த தலைமுறையில் சேசிஸ் பாடியோடு ஒன்றாகச் சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. 1999 இல் வந்த மூன்றாம் தலைமுறை பஜேரோவும் அப்படியே. அவற்றில் ஸ்பேசர் வைக்க இடமே இல்லை. உயர்த்த வேண்டுமானால் ஸ்பிரிங் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு முந்திய பஜேரோ, பழைய பிராடோ, ட்ரூப்பர் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். லேத் கடைக்குப் போகும் முன் ஒரு ஸ்குரூ டிரைவரோடு வண்டிக்கு அடியில் படுத்து, பின் மூலை இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.